பழைய மலை வீட்டில் ஓதம்: குன்னூருக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு

குன்னூரில் பழைய வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில்தான் மலை ஏறுகிறார்கள். கீழே கோயம்புத்தூரில் வெயில் கொளுத்தும், இங்கே சாயங்காலம் ஸ்வெட்டர் கேட்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர், தேக்குச் சட்டம் போட்ட ஜன்னல், மங்களூர் ஓடு, சுவரை ஒட்டி நீலமாகப் பூத்த ஹைட்ரேஞ்சியா. பார்த்தவர்கள் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். நவம்பரில் குடிவந்தோம். மூன்றாவது வாரம் பீரோவிலிருந்து எடுத்த தோல் செருப்பில் பச்சையாக முடி முளைத்திருந்தது.

அதற்கப்புறம் நான் செய்தது எல்லாமே தலைகீழ் வரிசை. முதலில் ஹீட்டர் வாங்கினேன், அடுத்து சுவரைப் பூசினேன், கடைசியில்தான் கூரையையும் கால்வாயையும் பார்த்தேன். பணமும் இரண்டு மழைக்காலமும் போன பிறகு புரிந்தது இதுதான்: ஈரமான செங்கல் காய்ந்த செங்கலைவிட வேகமாக வீட்டுச் சூட்டை வெளியே கடத்தும். அதனால் ஈரத்தை வெளியேற்றினாலே குளிருக்குச் செய்ய வேண்டியதில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இன்சுலேஷன், அதாவது குளிர்காப்பு.

முதலில், எந்த ஈரம் என்று கண்டுபிடியுங்கள்

சுவர் நனைந்திருக்கிறது என்றால் தண்ணீர் மூன்று வழியில் வந்திருக்கலாம். மழை மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ உள்ளே இறங்கலாம். தரையிலிருந்து சுவர் உறிஞ்சி ஏற்றலாம். அல்லது நீங்கள் விடும் மூச்சும் வைக்கும் உலையுமே குளிர்ந்த சுவரில் பட்டு நீராகலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் காசு கரையும்.

சமையலறை அலுமினியத் தாளில் ஒரு முழம் வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். பிரித்துப் பார்க்கும்போது பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால், இரண்டும் உண்டு. எங்கள் பின் படுக்கையறையில் அப்படித்தான் இருந்தது.

இடத்தையும் கவனியுங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஒரே கோடாகக் கறை, அதன் மேல் விளிம்பில் உப்புப் பூத்திருக்கிறது என்றால் தரையிலிருந்து ஏறுகிறது. கூரை மூலையிலோ சிம்னியைச் சுற்றியோ வட்டக் கறை என்றால் ஒழுகல். பீரோவுக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில், திரைச்சீலைக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள் என்றால் அறை ஈரம். எந்தப் பக்கச் சுவர் என்பதும் முக்கியம். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஆகவே கிழக்கு பார்த்த சுவர் அடி வாங்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அங்கே மேற்குச் சுவர்.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு யோசனை: பெயிண்ட் வாசனை போகாத வீடு என்றால் பீரோவை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கூரையும் கட்டரும்

கூரைக்கு வெயில் நாளில் ஏறாதீர்கள், மழை நாளில் குடையோடு வெளியே நில்லுங்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று அரை மணி நேரம் பார்த்தால் போதும். இறவாணத்தில் (கூரையின் கீழ் விளிம்பில்) மழைநீரை ஏந்தி ஓடும் தகரக் கட்டர், சில்வர் ஓக் இலையும் யூகலிப்டஸ் சருகும் அடைத்து, நடுவில் நிரம்பி வழிந்து நேராகச் சுவரில் ஊற்றிக்கொண்டிருக்கும். பல வீடுகளில் 'சுவர் ஓதம்' என்பது இவ்வளவுதான். மழைக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை கட்டரை அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். இறங்கு குழாயின் அடிமுனை சுவரோரத்தில் முடியக் கூடாது, தண்ணீரைக் கால்வாய் வரை கொண்டுபோய் விட வேண்டும்.

மங்களூர் ஓடு என்றால் உடைந்தது, நழுவியது, முகட்டு ஓட்டின் காரை விட்டது ஆகிய மூன்றையும் பாருங்கள். ஓட்டின் நடுவில் மிதிக்காமல், கீழே ரீப்பர் என்னும் மரச்சட்டம் தாங்கும் இடத்தில் கால் வைக்கத் தெரிந்த ஆளைத்தான் ஏற்ற வேண்டும். தெரியாதவர் ஒன்றை மாற்றப் போய் ஐந்தை உடைத்துவிட்டு இறங்குவார். பாசியை அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல்தோல் போய்விடும், அடுத்த வருஷம் பாசி இரட்டிப்பாக வரும்.

தகரக் கூரையில் ஒரு ஏமாற்று உண்டு. மழையே இல்லாத, நட்சத்திரம் தெரியும் இரவில் காலை நாலு மணிக்குச் சொட்டுச் சொட்டென்று ஒழுகும். ஓட்டை தேடி ஆள் ஏறுவார், ஒன்றும் கிடைக்காது. தெளிந்த வானத்தின் கீழ் தகரம் வெளிக்காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது, வீட்டிலிருந்து மேலே போகும் ஆவி அதன் அடியில் நீராகிச் சொட்டுகிறது. இதற்கு மருந்து தார் அல்ல. சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் காற்று ஓட வழி செய்ய வேண்டும்.

பழைய நெளி சிமென்ட் ஷீட் போட்ட கூரையா? அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். துளை போடுவது, அறுப்பது, தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

வீட்டின் பின்பக்கம்

மலையில் வீடு என்றால் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டிச் சமன் செய்து கட்டியது. அதனால் முன்வாசல் வெயிலில் இருக்கும், பின்சுவர் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். மலைக்குள் இறங்கும் மழைநீர் கடைசியில் வந்து முட்டுவது அந்தச் சுவரில்தான். உள்ளே என்ன பூசினாலும் வெளியே அந்தத் தண்ணீருக்கு வேறு வழி காட்டாத வரை ஓதம் நிற்காது.

எங்கள் வீட்டில் சமையலறைக்கு வெளியே இரண்டடி அகலச் சந்து. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் தலைக்கு மேல் கல் தடுப்புச்சுவர். சந்தின் தரை, வீட்டின் உள்தரையைவிட ஒரு சாண் உயரம்! முந்தைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவரும் சேறு ஆகிறதென்று ஒரு அடுக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், மூன்று அடுக்கு எண்ண முடிந்தது. அதை உடைத்து, வெளித்தரையை உள்தரைக்கு அரை அடி கீழே இறக்கியதுதான் நான் செய்ததிலேயே பயன் தந்த வேலை. அப்புறம் சந்து நெடுக ஒரு கால்வாய் வெட்டி, அடியில் துளையிட்ட குழாய், சுற்றிலும் முக்கால் அங்குல ஜல்லி, மண் புகாமல், தண்ணீரை மட்டும் விடும் ஜியோ துணி. 100 அடிக்கு ஓர் அடி சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும்.

இதில் மூன்று எச்சரிக்கை. பழைய வீட்டின் கல் அஸ்திவாரம் அதிக ஆழம் இருக்காது, அதன் அடிமட்டத்துக்குக் கீழே போய்த் தோண்டாதீர்கள். தடுப்புச்சுவரில் இருக்கும் வடிகால் துளைகளை, அழுக்குத் தண்ணீர் வருகிறது என்று சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். அது அடைபட்டால் சுவருக்குப் பின்னால் நீரின் எடை ஏறி, சுவரே சாயும். 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர் சுற்றுவட்டார நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்த மாவட்டம் இது. தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ புதிதாக விரிசல் ஓடியிருந்தாலோ கொத்தனாரோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது, நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை நினைத்தபடி இறக்க முடியாது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சின்னக் கால்வாய்க்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.

அந்த ஹைட்ரேஞ்சியாவையும் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நடுங்கள். நட்ட இடத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் சுவருக்கும் சேர்த்துத்தான் ஊற்றுகிறீர்கள்.

சுவர்: சிமென்ட்டைக் கிட்டே விடாதீர்கள்

இங்குள்ள பழைய வீடுகள் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து, ஒன்றரை அடி கனத்தில் கட்டியவை. அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. மழையில் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும், இப்படியே நூறு வருஷம் தாக்குப்பிடித்திருக்கும். சிமென்ட் பூச்சு கெட்டியானது, ஈரத்தைச் சுலபத்தில் விடாது. எங்கேயாவது மயிரிழை விரிசலில் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி தெரியாமல் மேலே மேலே ஏறும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கீழிருந்து வந்த ஒரு ஒப்பந்ததாரர் பின் அறையின் பழைய பூச்சைக் கொத்திவிட்டு, நீர்த்தடுப்பு ரசாயனம் கலந்து சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த ஜனவரியில் பெயிண்ட் அப்பளம் போல உப்பியது. குண்டூசியால் குத்தினேன், பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி முழங்கை வரை வழிந்தது. முன்பு இடுப்பு உயரத்தில் இருந்த ஓதம் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. பிறகு அதைச் சரிசெய்ய வந்த உள்ளூர்க் கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நனஞ்ச சட்டை மேல கோட்டு மாட்டினா காயுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். சிமென்ட் பூச்சைக் கறைக்கு மேல் ஒன்றரை அடி வரை கொத்தி எடுங்கள். வெறும் சுவரைக் காயவிடுங்கள். எவ்வளவு நாள்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் சொல்லும் உத்தேசக் கணக்கு. 18 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒன்பது மாதம். யாருக்கும் பொறுமை இருக்காது, தெரியும். ஒரு முழுக் கோடையாவது விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து வாரி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. நன்றாக நீற்றி, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று ஆரம்பித்து, ஒரு சதுர அடி பூசி ஒரு வாரம் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். செங்கல் தூள் சேர்த்தால் ஈரமான இடத்திலும் பூச்சு இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்க்கும் பழைய பழக்கம் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அது இல்லாமலும் வேலை நடக்கும். ஒரே தடவையில் கனமாக அப்பாமல், மெல்லிய அடுக்குகளாக, ஒன்று இறுகிய பின் அடுத்தது. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், ஒரு வாரமாவது லேசாக நீர் தெளித்துக் காக்க வேண்டும். உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். ஆகவே குன்னூரிலும் ஊட்டியிலும் பிப்ரவரி, மார்ச் மாதமே சரியான காலம். மேலே வெள்ளையடித்தால் போதும். வருஷத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டுமே என்று அலுத்துக்கொள்ளலாம், ஆனால் உப்பாது, உரியாது.

கல்லும் செங்கல்லும் தெரியும் வெளிச்சுவரில் இணைப்புகளையும் சுண்ணாம்புக் காரையால்தான் நிரப்ப வேண்டும். சிமென்ட் வைத்தால் கல்லைச் சுற்றி ஈரம் நின்று, நாளடைவில் செங்கல் முகமே உதிர்ந்து போகும்.

ஈரச்சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போடச் சொல்லுங்கள். இது தள்ளிப்போடும் வேலை இல்லை.

வீட்டுக்குள் நாமே ஊற்றும் தண்ணீர்

ஒரு 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் எரிந்து தீரும்போது 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. கேஸில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தானே. இட்லி ஆவி, சோறு வடிக்கும் ஆவி இதில் சேரவில்லை. வெந்நீர்க் குளியல், வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்ட துணி, உள்ளே அடுக்கிய பச்சை விறகு எல்லாம் அதற்கு மேல்.

அறை 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதன் மேலும் நீர் கோத்துக்கொள்ளும். நவம்பர் இரவில் வெளிச்சுவரின் மூலையும் ஜன்னல் கண்ணாடியும் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். நீர் கோக்காவிட்டாலும், சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூசணத்துக்குப் போதும்.

எனவே ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள், விலை அதிகமில்லை. 60க்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, வேலை முடிந்த பின்னும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். துணிக்குத் தாழ்வாரம்.

ஜன்னல் விஷயத்தில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வெளியே மேகம் வாசல்வரை வந்து நிற்கிறது, திறந்தால் ஈரம் உள்ளே வராதா? வெளியே 12 டிகிரியில் மூட்டமாக இருக்கும் காற்று, உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஆட்கள் புழங்கி, அடுப்பு எரிந்து, சூடாக இருக்கும் வீட்டில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்தால் ஈரம் வெளியேதான் போகும். பல நாள் பூட்டிக் கிடந்து சில்லிட்ட வீடு வேறு கதை. வெளியே இதமாக இருக்கிறதே என்று மே மாத மழைக்குப் பிறகு அதைத் திறந்தால் சுவர், தரை எல்லாம் வியர்த்துவிடும். முதலில் கொஞ்சம் சூடாக்கிவிட்டுத் திறவுங்கள்.

பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் போடுங்கள். டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவி) வாங்குவதானால் கேட்டு வாங்குங்கள்: கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே திணறும், சுருளில் பனி கட்டும். குளிர் அறைக்கு, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த உலர்த்தி வகை பரவாயில்லை.

கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். கணப்பு இருந்தால் சிம்னியைத் துடைத்த பிறகே எரியுங்கள். பயன்படுத்தாத சிம்னிக்கு மேலே மழைத் தொப்பி போடலாம், அடைத்துவிடக் கூடாது.

இப்போது குளிர்காப்பு

கூரை காய்ந்து, சுவர் காய்ந்த பிறகு. அதற்கு முன் செய்தால் ஈரத்தை மூடி மறைப்பதுதான்.

முதல் இடம் பலகை சீலிங்கின் மேல்பக்கம். சூடான காற்று மேலேதான் போகும். 50 முதல் 100 மில்லிமீட்டர் ராக்வுல் (கல் இழைக் கம்பளி) அல்லது கிளாஸ்வுல் (கண்ணாடி இழைக் கம்பளி) விரிக்கலாம். 50 மில்லிமீட்டர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கனச் செங்கல் சுவர் தடுக்கும் அளவுக்குச் சூட்டைத் தடுக்கும். ஆவி தடுக்கும் படலம் அறையைப் பார்த்த கீழ்ப்பக்கம், அதாவது சூடான பக்கம் வர வேண்டும். மேலே, ஓட்டுக்கும் கம்பளிக்கும் நடுவே காற்று ஓட இடம் விடுங்கள். தெர்மாகோல் மலிவுதான், ஆனால் தீப்பிடிக்கும். பழைய ஒயர் ஓடும் இடத்தில் நான் வைக்க மாட்டேன். விரிப்பதற்கு முன் ஒயரிங்கையும் பார்த்துவிடுங்கள், மூடிய ஒயர் சூட்டை வெளியே விட முடியாது.

அதற்கும் முன், இறவாணத்து இடைவெளிகளுக்குக் கம்பி வலை அடியுங்கள். நீலகிரியில் பழைய சீலிங் என்றால் மரநாய் குடும்பம் இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது. ராத்திரி தலைக்கு மேல் யாரோ நாற்காலி இழுப்பது போலச் சத்தம். புதுக் கம்பளியைக் கொடுத்தால் அதற்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி. அது வெளியே போன பிறகு வலையை மூடுங்கள். உள்ளே வைத்து அடைத்துவிட்டால் படுகிற பாடு தனிக் கட்டுரை.

அடுத்து காற்றுப் புகும் இடுக்குகள். ஜன்னல் சட்டத்தில் ரப்பர் பட்டை, கதவடியில் பிரஷ் பட்டை, கனமான திரை. பலகைத் தரை இருந்தால், வெளிச்சுவர் அடியில் இருக்கும் காற்றுத்துளைகளைக் குளிர் வருகிறதென்று அடைக்காதீர்கள், தரையின் மரம் உளுத்துப் போகும். மேலே கம்பளம் விரித்தால் போதும்.

சுவர் கடைசி. உள்பக்கம் தெர்மாகோலோ பலகையோ ஒட்டினால் அதன் பின்னால் கல் இன்னும் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூசணம் வளரும். மிகவும் சில்லிடும் சுவர் என்றால், வெர்மிகுலைட் (எடை குறைந்த கனிமத் துகள்) கலந்த சுண்ணாம்புப் பூச்சு ஓரளவு உதவும். எங்கள் வீட்டில் அதுவரை போகத் தேவைப்படவில்லை.

பூசணம் ஏற்கெனவே இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், தூள் வீடு முழுக்கப் பரவும். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துணியைத் தூக்கிப் போடுங்கள். டைல்ஸில் பிளீச்சிங் கரைசல் பயன்படுத்தலாம், கழிப்பறை ஆசிடோடு அதைச் சேர்க்கவே கூடாது.

பீரோவுக்கு மலைக்காரர்களின் பழைய வழி ஒன்று உண்டு. அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கம்பிக் கூண்டுக்குள், துணி படாமல் பொருத்தி, மழைக்காலம் முழுக்க எரியவிடுவார்கள். அந்தச் சின்னச் சூட்டிலேயே பட்டுப் புடவையும் தோல் செருப்பும் தப்பிக்கும். எல்.இ.டி. போட்டால் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. குண்டு பல்பு இப்போது கடையில் லேசில் கிடைப்பதில்லை. மார்க்கெட் பக்கம் ஒரு பழைய கடையில் பார்த்தபோது நாலு வாங்கி வைத்துக்கொண்டேன்.